ஸகாத் மூடையில் போன அமானிதம்

கல்முனையில் மைமூனா பேசி முடித்த கலியாணங்களில் சோறு வைத்த சஹன் தட்டுகளை மட்டும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால், ஒலுவில் கடற்கரை வெளிச்சவீடே அண்ணாந்து பார்க்க வேண்டி வரும். இதில் கொஞ்சம் கூடுதல் இருக்கலாம். குறைவு இல்லை.

முதலில் பேசி முடித்தது அவளுடைய சொந்தக் கலியாணத்தைத்தான். வாப்பா பார்த்த மாப்பிள்ளை சரிவராது என்று தெரிந்ததும், அடுத்த தெருவில் சைக்கிள் திருத்திக்கொண்டிருந்த மீராசாஹிபின் உம்மாவிடம் தானே போனாள். "மைமூனா எண்டு ஒரு புள்ள இரிக்கி மாமி, குணமான புள்ள, வாய்தான் கொஞ்சம் நீளம்" என்று மூன்றாம் ஆளைப் போலச் சொல்லி, சம்மதம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மீராசாஹிபு இன்றுவரை இந்தக் கதையை மறுத்ததில்லை. அவர் எந்தக் கதையையும் மறுப்பதில்லை. அதனால்தான் அந்தக் கலியாணம் இவ்வளவு காலம் நிலைத்திருக்கிறது.

பஸாரில் ஒரு புடவைக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் இடையில், ஆள் குறுக்காகப் படுத்தால் கால் மடக்க வேண்டிய அகலத்தில், அவளுடைய அறை. வாசலில் 'நிக்காஹ் தகவல் நிலையம்' என்று ஒரு பலகை. உள்ளே ஒரு மேசை, மூன்று கதிரை, ஒரு கம்பியூட்டர். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் மணமுடிக்கக் காத்திருக்கிற பெண்களின் படமும் விபரமும் அந்தக் கம்பியூட்டருக்குள்தான் இருந்தன. யார் என்ன படித்தாள், எந்தத் தெருவில் வீடு, மாப்பிள்ளை குடிவருவதற்கு வாப்பா கட்டிக் கொடுக்கும் வீடு கூரை வரைக்கும் வந்துவிட்டதா அல்லது அத்திவாரத்தில் புல் முளைத்துக் கிடக்கிறதா, எல்லாம்.

அவளுக்குக் கம்பியூட்டர் மேல் ஆசை வந்து வாங்கியதல்ல அது. அதற்கு முன்னால் ஒரு மர அலுமாரி இருந்தது. 2004இல் கடல் வந்தபோது அலுமாரியும் போனது, அதற்குள் இருந்த படங்களும் போயின. சில மாதங்கள் கழித்து, சுனாமியில் வீடிழந்தவர்களின் கூடாரத்திலிருந்து ஒரு தாய் வந்தாள்.

"எங்கட மூத்தவள்ட படம் ஒண்டு உங்களிட்டத் தந்திருந்தம் தங்கச்சி. மாப்பிள்ளை பாக்கச் சொல்லி. வீட்டில ஒண்டும் மிஞ்சல்ல. அந்தப் படத்தைத் தந்தா, முகத்தையாவது பாத்துக்கிட்டு இரிப்பன்."

அவளுக்குப் பிறகு இன்னும் சில தாய்மார் வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே தேவை. வாய் ஓயாத மைமூனா, வந்தவர்களுக்கு முன்னால் வெறுங்கையை விரித்துக் காட்டிவிட்டு, அவர்கள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள். கடனை உடனைப் பட்டு ஒரு கம்பியூட்டர் வாங்கியது அதற்குப் பிறகுதான். இனி ஒரு முகத்தையும் தொலைக்க மாட்டேன் என்பது அவளுடைய முதல் வைராக்கியம்.

இரண்டாவது வைராக்கியத்தைக் கொண்டுவந்தவள் அம்ஹா.

அம்ஹா கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். ஊரின் பாதிக் கண்களுக்கு அளவெடுத்தவளுக்குத் தன்னுடைய இடது கண் கொஞ்சம் ஓரமாகப் பார்க்கும். நேரில் அது தெரிவதில்லை. அவள் கதைக்கும்போது எதிரில் இருப்பவர் சிரிக்கத் தொடங்கிவிடுவார், கண்ணைக் கவனிக்க நேரமிருக்காது. படத்தில்தான் தெரியும். முன்பு ஒரு தரகர் அவளுடைய படத்தைப் போனில் ஊரெல்லாம் அனுப்பிவிட்டார். அது கைமாறிக் கைமாறி, ஒரு கேலிப் பகிடியும் சேர்ந்து, கடைசியில் கண்ணாடிக் கடைக்கே வந்து சேர்ந்தது. யாரோ ஒரு வாடிக்கையாளர் அம்ஹாவிடமே போனை நீட்டி, "இந்தக் கண்ணுக்கு எத்தின நம்பர் கண்ணாடி போடோணும்?" என்று கேட்டுவிட்டுத்தான் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு மைமூனாவிடம் வந்தவள், உட்காரும் முன்னே நிபந்தனையைச் சொன்னாள்.

"சாச்சி, என்ட படம் உங்கட கையை விட்டுப் போகக் கூடா. போன்ல அனுப்பக் கூடா. பாக்கிறவங்க இஞ்ச வந்து, உங்கட முன்னால இரிந்து பாத்துட்டுப் போகட்டும்."

"வல்லாஹி, போகா."

"ஆணையிடாதீங்க. செய்யுங்க."

மைமூனா செய்தாள். அம்ஹாவுக்கு மட்டுமல்ல, எல்லாப் பெண்களுக்கும் அதுவே சட்டமாயிற்று. இன்னொரு வழக்கத்தையும் வைத்துக்கொண்டாள். ஒருத்திக்கு நிக்காஹ் முடிந்தால் அவளை அழைத்து, வாயில் ஒரு கற்கண்டைப் போட்டு, அவளுடைய கண்ணுக்கு முன்னாலேயே படத்தை அழிப்பாள். "இனி நீ என்ட பொறுப்பில்ல, அவன்ட பொறுப்பு" என்று சொல்லி அனுப்புவாள்.

அப்படி இருக்கும்போது, ஒரு டிசம்பரில் மழைத் தண்ணீர் பஸாருக்குள் வந்து, அறைக்குள் நுழைந்து, மேசைக்குக் கீழே இருந்த கம்பியூட்டர் பெட்டியின் காலை நக்கிப் பார்த்துவிட்டுப் போனது. ருசி பிடிக்கவில்லை போலும். அடுத்த நாள் மைமூனாவின் மருமகன் இன்ஸாப் வந்தான். அண்ணன் மகன். கம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருப்பவன்.

"மாமி, மேற்கால வயல் தண்ணி, கிழக்கால கடல் தண்ணி. நடுவில உங்கட ஒரே ஒரு கம்பியூட்டர், அதுவும் நிலத்தில. மூண்டு இடத்தில இரிக்கோணும். இதில ஒண்டு, வெளியில ஒரு டிஸ்க்கில ஒண்டு, ஊரை விட்டுத் தள்ளி இன்னொரு டிஸ்க்கில ஒண்டு. இன்டர்நெட்டில ஏத்தி வெச்சா இன்னும் நல்லம்."

"கையை விட்டுப் போகா எண்டு சொன்ன படத்தை, நான் காணாத ஊருக்கு அனுப்பவா?"

"சரி. டிஸ்க்குக்கு ஒரு பூட்டாவது போடுவம். பாஸ்வேர்ட்."

"மறந்தா?"

"மறக்காம இரிங்க."

"மனே இன்ஸாப், உன்ட பேரைக் கூப்பிடவே நான் உன்ட ரெண்டு தம்பிமாரையும் கூப்பிட்டுட்டுத்தான் உன்னட்ட வாறன். பூட்டு வேணாம்."

இப்படியாக இன்ஸாப் சொன்னதில் பாதியை மைமூனா கேட்டாள். முதல் டிஸ்க்கைக் கம்பியூட்டரிலேயே கொழுவி, கழற்றாமல் விட்டாள். கழற்றினால் எங்கே வைத்தோம் என்று தேட வேண்டுமே. இரண்டாவதுக்குத் தன்னுடைய கூறைப்புடவையில் ஒரு துண்டு வெட்டிச் சின்னதாகப் பை தைத்து, வெள்ளைத் துணியில் 'அமானிதம்' என்று எழுதி அதன்மேல் ஒட்டி, வரிப்பத்தான்சேனையில் இருக்கும் தங்கச்சி றசீனாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்த ஊருக்குக் கடல் வர வேண்டுமென்றால் வழியில் தேத்தண்ணி குடித்து இளைப்பாற வேண்டும், அவ்வளவு தூரம்.

"ஈரம் படக் கூடா, வெயில் படக் கூடா, புள்ளைகள்ட கை படக் கூடா" என்று மூன்று தரம் சொன்னாள்.

றசீனா யோசித்தாள். அலுமாரியில் வைத்தால் பிள்ளைகள். பரணில் வைத்தால் எலி. மெத்தைக்குக் கீழே வைத்தால் புருஷனின் பாரம். பிறகு அவளுக்கு வந்த யோசனையை, நெல்லோடு வளர்ந்தவளுக்குத் தவிர வேறு யாருக்கும் வராது. போன் தண்ணீருக்குள் விழுந்தால் அரிசிக்குள்தானே போடுகிறோம்? அரிசியே அவ்வளவு ஈரத்தைக் குடித்தால், உமியோடு இருக்கிற நெல் எவ்வளவு குடிக்கும்? அறை மூலையில் வீட்டுச் சாப்பாட்டுக்கென்று ஒதுக்கியிருந்த நெல் மூடையை அவிழ்த்து, முழங்கை மறையும் வரை கையை விட்டுப் பையை உள்ளே தள்ளி, சாக்கூசியால் வாயைத் தைத்தாள். பத்திரம் என்றால் அப்படி ஒரு பத்திரம்.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் அஸர்த் தொழுகைக்குப் பிறகு இடி இடித்தது. அது வழி தவறி வந்த இடியல்ல, விலாசம் கேட்டுக்கொண்டு வந்த இடி. புடவைக்கடையை விட்டது. மருந்துக்கடையை விட்டது. நடுவில் இருந்த ஆள் அகல அறைக்குள் கரண்டு வயர் வழியாக நுழைந்து, கம்பியூட்டரைக் கறுப்பாக்கிவிட்டுப் போனது. இன்ஸாப் ஓடி வந்து, பெட்டியைத் திறந்து, மூக்கை வைத்து மணந்தான்.

"ரெண்டும் மவுத்து மாமி."

"டிஸ்க்குமா?"

"கொழுவித்தானே இரிந்திச்சி? ஒரே வயர்ல ரெண்டும் கிடந்தா, வாற கரண்டு ஒண்டை விட்டுட்டு ஒண்டையா புடிக்கும்? கவலப்படாதீங்க. றசீனா மாமியிட்ட ஒண்டு இரிக்கித்தானே."

மைமூனா உடனே றசீனாவுக்குப் போன் எடுத்தாள். மறுமுனையில் வழக்கமான சலாமுக்குப் பிறகு றசீனா குரலைத் தாழ்த்தினாள். அவள் சும்மா குரலைத் தாழ்த்துவதில்லை.

"ராத்தா, நீங்க கோவிக்கக் கூடா."

கதை இதுதான். பெரும்போக அறுவடை முடிந்து, றசீனாவின் கணவர், வயல்காரர் மிஹ்லார் போடியார் நெல்லுக்குரிய ஸகாத்தை மூடை மூடையாக ஏழைகளுக்குப் பங்கிட்டார். கணக்கில் ஒரு மூடை குறைந்தது. றசீனா பிள்ளை பெற்ற வீடு பார்க்கப் போயிருந்தாள். மனிதர் அறைக்குள் போனார், மூலையில் ஒரு மூடை நின்றது, அல்லாஹ்வுக்குக் கொடுப்பதில் என்ன கஞ்சத்தனம் என்று சுத்தமான மனதோடு அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். வந்து பார்த்த றசீனா, சொல்லப் பயந்து சொல்லாமலே இருந்துவிட்டாள்.

மைமூனா போனை மேசையில் வைத்தாள். மருந்துக்கடைக்காரர் கொண்டுவந்து கொடுத்த தண்ணீரைக் குடிக்கவில்லை. படங்கள் திரும்பி வராவிட்டால், மறுபடியும் அந்த வெறுங்கை. படங்கள் வேறு யாரும் திறந்து பார்க்கிற இடத்தில் கிடந்தால், அதைவிட மோசம். பூட்டும் போடவில்லை. எவன் கையில் கிடைத்தாலும் கொழுவிய உடனே எல்லாப் பெண்களும் வரிசையாக வந்து நிற்பார்கள், அம்ஹா உட்பட.

எழுந்து நேரே கண்ணாடிக் கடைக்குப் போனாள்.

அம்ஹா ஒரு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். துடைத்த கண்ணாடியையே திரும்பவும் துடைத்தாள்.

"போகா எண்டு ஆணையிட்டீங்க."

"இட்டன் மகள்."

"இப்ப எங்க போயிரிக்கி?"

"ஸகாத்துக்கு."

அம்ஹாவின் கை நின்றது. "அல்லாஹ்வே! முப்பது தாண்டியும் ஒருத்தரும் எடுக்கல்லையெண்டு, என்னை ஸகாத்தாக் குடுத்துட்டீங்களா சாச்சி?"

மைமூனாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, எது முதலில் போவது என்று தொண்டையில் நின்றுகொண்டன. அம்ஹா சிரிக்கவில்லை. கண்ணாடியை அதன் பெட்டிக்குள் வைத்தாள், முதலாளியிடம் ஏதோ சொன்னாள், தன்னுடைய ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு மற்றதை மைமூனாவின் தலையில் தானே மாட்டினாள்.

"நானும் வாறன். என்ட முகம், நான்தான் தேடோணும். ஏறுங்க."

ஸ்கூட்டர் காரைதீவைக் கடந்து மாவடிப்பள்ளிப் பாலத்தில் ஏறியபோது இரண்டு பக்கமும் அறுத்த வயல், வைக்கோல் மணம், கொக்குக் கூட்டம். அம்ஹா வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. பின்னால் இருந்த மைமூனா அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு முதுகு இவ்வளவு ஏசும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

வரிப்பத்தான்சேனையில் மிஹ்லார் போடியார் வாசலிலேயே நின்றார். றசீனா கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"மதினி, குடுத்தது குடுத்ததுதான். மனசால நிய்யத்து வெச்சாச்சி. என்ட வாயால திருப்பித் தா எண்டு கேக்கேலா."

"நீங்க கேக்க வேணாம் மச்சான். யாருக்குக் குடுத்த எண்டு சொல்லுங்க, நான் கேக்கிறன்."

"மாவடிப்பள்ளி றஸாக். நம்மட வயல்ல மெசின் ஓட்டினவன். பாவம், பெரிய குடும்பம்." சொல்லிவிட்டுப் போடியார் தாடியைத் தடவினார். முகத்தில் வேறொரு கவலை ஏறியது. "அது கிடக்க, அந்தப் பை மூடைக்குள்ள எவ்வளவு இடம் புடிச்சிரிக்கும்?"

மைமூனா கையால் அளவு காட்டினாள்.

"அப்ப அந்தளவு நெல்லு ஸகாத்தில குறஞ்சிரிக்கி!" மனிதர் பதறிப்போய் உள்ளே ஓடினார். ஒரு கொத்து நெல்லை அளந்து, மேலே இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டு, ஒரு பையில் கட்டிக்கொண்டு வந்தார். "இதை றஸாக்கிட்டக் குடுத்துருங்க. நாளைக்கி மறுமையில எனக்குப் பதில் சொல்லேலா."

அம்ஹா முதன்முதலாக உதட்டைக் கடித்தாள். அது சிரிப்புத்தான்.

வந்த வழியே மாவடிப்பள்ளிக்குத் திரும்பினார்கள். றஸாக் வீட்டு முற்றத்தில் ஒரு மெசினின் பல்லுச் சக்கரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு இருந்தார். கதையைக் கேட்டதும் எழுந்து நின்றார். கொடுத்த நெல்லைக் கேட்டு வந்திருக்கிறார்கள் என்றுதான் அவருக்கு விளங்கியது.

"ராத்தா, ஸகாத்தாக் குடுத்ததைத் திருப்பிக் கேக்கலாமா? புள்ளைகள் பாதியைத் திண்டுட்டுகள்."

மைமூனா வாயைத் திறக்கும் முன் அம்ஹா முந்திக்கொண்டாள். "நெல்லை நீங்களே வெச்சிக்கோங்க றஸாக் காக்கா. இந்தாங்க, இன்னும் ஒரு கொத்துத் தந்திரிக்காங்க. நெல்லுக்குள்ள நாங்க கொஞ்சப் பொம்புளைகள் மாட்டிக்கிட்டம். எங்களை ஸகாத்தாக் குடுக்கேலாதானே?"

றஸாக் அவளைப் பார்த்தார், நெல்லைப் பார்த்தார், மீண்டும் அவளைப் பார்த்தார். நெல்லுக்குள் ஒரு பை போய்விட்டதை மட்டும் விளக்கிச் சொன்ன பிறகு தலையில் கை வைத்தார். "வல்லாஹி, நான் மூடையை அவிழ்க்கவே இல்ல. அப்பிடியே மில்லுக்குக் கொண்டுபோய்ப் போட்டன். காரைதீவு அமிர்தலிங்கம் அண்ணன்ட மில்லு."

மில் என்றதும் மைமூனா முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். நெல்லை உமி வேறு அரிசி வேறாகப் பிரிக்கிற இயந்திரம், அவளுடைய பெண்களை என்ன செய்திருக்கும்? அம்ஹா அவளுடைய கையைப் பிடித்து ஸ்கூட்டரில் ஏற்றினாள். இந்த முறை, "புடிச்சிக்கோங்க சாச்சி, மெதுவாப் போறன்" என்றாள்.

அமிர்தலிங்கம் மில்லுக்காரர் தலைமுடி, புருவம், மூக்குக்கண்ணாடி எல்லாவற்றிலும் தவிடு படிந்து, யாரோ மாவில் பிரட்டிப் பொரிக்க மறந்துவிட்ட மனிதரைப் போல இருந்தார். நெல் கொட்டும் தொட்டியின் வாயில் ஒரு கம்பி வலை இருந்தது. நெல் கீழே போகும், மற்றது மேலே நிற்கும். அப்படி மேலே நின்றவற்றுக்கென்று அவர் சுவரில் ஒரு பலகைத் தட்டு அடித்திருந்தார். ஒற்றைத் தோடு, கால் மெட்டி, ஒரு தஸ்பீஹ், குழந்தைக் கொலுசு, திறப்புக் கோர்வை, ஒரு சோடி பொய்ப்பல். எல்லாம் தூசி தட்டி வரிசையாக இருந்தன. பொய்ப்பல்லுக்குப் பக்கத்தில், கூறைப்புடவைத் துண்டில், அமானிதம்.

மைமூனா கையை நீட்டிக்கொண்டு ஓடினாள். அமிர்தலிங்கம் குறுக்கே நின்றார்.

"பொறுங்க தங்கச்சி. அடையாளம் சொல்லாம இஞ்ச ஒண்டும் தாற இல்ல. தேத்தண்ணிக் கடையில இதைப் பத்தி வாய் தவறிச் சொல்லிப்போட்டன். அண்டைக்கே ரெண்டு பேர் வந்துட்டாங்க. ஒருத்தன் அதில தன்ட கலியாண வீடியோ எண்டான். பொம்பிளை எந்த ஊர் எண்டு கேட்டா, யோசிக்கிறான். மற்றவன் எல்லாம் படப் பாட்டு எண்டான். கூறைத் துணியில கட்டி வெக்கிற பாட்டு என்ன பாட்டு எண்டு கேட்டு அனுப்பிவிட்டன்."

"அண்ணன், நீங்க திறந்து பாக்கல்லையா?"

"பில் அடிக்கிற கம்பியூட்டர் ஒண்டு இருக்குத்தான். மகன் கொழுவிப் பாப்பம் எண்டான். நான் விடல்ல. இதில எழுதியிருக்கிற சொல்லுக்கு என்ன கருத்து எண்டு, நெல்லுக் கொண்டு வந்த பள்ளிவாசல் மரைக்காரிட்டக் கேட்டன். நம்பி ஒப்படைச்ச பொருள் எண்டார். அப்ப ஒப்படைச்சவருக்குத்தானே திறக்கலாம். நீங்கதான் அவர் எண்டா, உள்ளுக்க என்ன இருக்கு? சொல்லுங்க, தாறன்."

மைமூனாவின் வாயைக் கல்முனையில் யாரும் அடைத்ததில்லை. அன்றைக்கு அது தானாக அடைத்துக்கொண்டது. மில்லில் நெல்லோடு வந்தவர்கள், மூடை தூக்குகிறவர்கள் என்று பலர் நின்றார்கள். உள்ளே பெண்களின் படம் என்று சொன்னால், நாளைக்கு அது தேத்தண்ணிக் கடையில் வேகும். கையெட்டும் தூரத்தில் பை இருந்தது.

"சொல்லேலா அண்ணன்" என்றாள்.

"சொல்லாட்டித் தர ஏலா தங்கச்சி."

"அப்ப இஞ்சேயே இரிக்கட்டும். நீங்க திறக்காம வெச்சிரிக்கீங்க. எனக்கு அது போதும். நான் சொன்னா, அது எல்லாரும் திறந்து பாத்த மாதிரி."

சொல்லிவிட்டுத் திரும்பினாள். திரும்பும்போது கண்ணைத் துடைத்ததை அம்ஹா பார்த்தாள். பிறகு மில்லுக்காரருக்கு மிகக் கிட்டப் போய், மற்றவர்களுக்கு எட்டாத குரலில் சொன்னாள்.

"அவங்க சொல்ல மாட்டாங்க ஐயா. நான் சொல்றன், சொல்ல எனக்கு உரிமை இரிக்கி. அதில என்ட படம் இரிக்கி. அம்ஹா எண்டு பேர் போட்டிரிக்கும். ஊதா முக்காடு. இடது கண் இப்பிடி ஓரமாப் பாக்கும். ஆக்களை வெளியில அனுப்பிட்டு, நீங்க மட்டும் கொழுவி, அந்த ஒரு படத்தைத் திறந்து என்ட முகத்தோட ஒத்துப் பாருங்க. மத்தப் புள்ளைகளைத் திறக்காதீங்க."

மில் ஓடிக்கொண்டிருந்தது. மைமூனாவுக்கு அந்தச் சொற்கள் கேட்கவில்லை. அம்ஹா தன்னுடைய இடது கண்ணை விரலால் தொட்டுக் காட்டியது மட்டும் தெரிந்தது. எதைக் கொடுக்கிறாள் என்று அதிலேயே விளங்கிவிட்டது.

அமிர்தலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். தவிடு படிந்த முகத்தில் கண் இருந்த இடம் மட்டும் இரண்டு வட்டமாகச் சுத்தமாக இருந்தது. தட்டில் இருந்த பையை எடுத்து, ஊதி, அம்ஹாவின் கையில் வைத்தார்.

"வேணாம் புள்ள. ஒரு படமும் பாக்கத் தேவையில்ல. கொண்டு போங்க."

ஸ்கூட்டரில் வரும்போது இந்த முறை மைமூனாதான் பேசவில்லை. காரைதீவுச் சந்தியில் அம்ஹா வண்டியை நிறுத்தி, திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்: "என்ன சாச்சி, வாயை மில்லில மறந்து வெச்சிட்டு வந்துட்டீங்களா? தட்டில பல்லுக்குப் பக்கத்தில இடம் இரிக்கித்தான்."

மைமூனா அவளுடைய முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தாள். ஹெல்மெட் இடித்தது.

இன்ஸாப் தன்னுடைய கடையில் டிஸ்க்கைக் கொழுவி, திரையை மைமூனாவின் பக்கம் திருப்பிவிட்டு, தான் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். நெல் உமி ஒன்று மேசையில் விழுந்தது. பிறகு ஒருத்தி வந்தாள், மற்றவள் வந்தாள், வரிசையாக எல்லோரும் வந்தார்கள். மைமூனா ஒவ்வொருத்தியின் பெயரையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். மழையில் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளை எண்ணி வீட்டுக்குள் எடுக்கிற தாயைப் போல. அப்போது அவளுடைய மனதில் நின்றது கூடாரத்திலிருந்து வந்த அந்தத் தாயின் முகம்தான்.

டிசம்பருக்குப் பிறகு சேர்த்தவர்கள் மட்டும் இல்லை. அந்த டிஸ்க்கைக் கொடுத்த நாளோடு அதன் உலகம் நின்றுவிட்டிருந்தது. அந்த வீடுகளுக்கெல்லாம் மைமூனா மறுபடியும் நடந்து போனாள். நடந்த கதையை மறைக்காமல் சொன்னாள், இடியை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கினாள். இரண்டு வீட்டார் கோபித்து, இனி வேண்டாம் என்றார்கள். மற்றவர்கள் தேத்தண்ணி கொடுத்தார்கள்.

இன்ஸாப் சொன்னதன் மற்றப் பாதியையும் இப்போது கேட்டாள். பிரதி எடுத்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும். மாதா மாதம் புதிதாகப் பிரதி எடுக்க வேண்டும், எடுத்ததைத் திறந்தும் பார்க்க வேண்டும். வானம் கறுத்தால் வயரைப் பிடுங்குவது மீராசாஹிபின் வேலை. தூரத்தில் முழங்கினாலே அவர் சைக்கிளில் பறந்து வருவார், கலியாணமான காலத்திலிருந்து ஒருவரும் அவரை இவ்வளவு நம்பியதில்லை. பூட்டும் போட்டாயிற்று. மறதிக்கு மருந்தாக, பாஸ்வேர்டில் முன்பாதி மைமூனாவின் தலையில், பின்பாதி அம்ஹாவின் தலையில். இன்ஸாப் மட்டும் விடவில்லை. ரெண்டு பேரும் ஒரே ஸ்கூட்டரில் போகிறவர்கள் என்று சொல்லி, இரண்டு பாதியையும் எழுதி ஒட்டிய உறையில் போட்டு, வங்கிப் பெட்டகத்தில் வைக்கச் செய்தான்.

ஊருக்கு வெளியே வைக்கிற டிஸ்க்குக்கு இடம் தேடியபோது, றசீனா தன்னுடைய வீட்டில் இன்னொரு நல்ல இடம் இருப்பதாகச் சொன்னாள். மைமூனா கேட்கவில்லை. நேரே மில்லுக்குப் போனாள்.

"அண்ணன், உங்கட தட்டில ஒரு இடம் தருவீங்களா?"

அமிர்தலிங்கம் தட்டை ஏற இறங்கப் பார்த்தார். "பல்லுக்குப் பக்கத்தில வெக்கவா, கொலுசுக்குப் பக்கத்தில வெக்கவா?"

"பல்லுக்காரர் இன்னும் வரல்லையா?"

"வந்து கேட்டா தன்ட பல்லு எண்டு ஊருக்குத் தெரிஞ்சிடுமே. வெக்கத்தில கஞ்சி குடிச்சிக்கிட்டு இருப்பார்."

கொலுசுக்குப் பக்கத்தில் வைத்தார்.

இனி அம்ஹாவின் கதை. ஒலுவிலில் றமீஸ் என்று ஒருவர், பல்கலைக்கழக நூலகத்தில் வேலை. அவருடைய உம்மா, படத்தை அனுப்பு, படத்தை அனுப்பு என்று மைமூனாவை நச்சரித்தார். மைமூனா படத்தைக் காட்டவே இல்லை. "முதல்ல உங்கட கண்ணைப் பாப்பம் மாமி, நீங்க என்னையே கதவு எண்டு நினைச்சித் தட்டுறீங்க" என்று சொல்லி, கையைப் பிடித்துக் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப் போனாள். அம்ஹா அளவெடுத்தாள், பகிடி சொன்னாள், கிழவி சிரித்தார். கண்ணாடி தயாரானதும் மாட்டிவிட்டாள். பல வருடத்துக்குப் பிறகு உலகத்தைத் தெளிவாகக் கண்ட அந்த உம்மா முதலில் பார்த்தது தனக்கு எதிரே சிரித்துக்கொண்டிருந்த முகத்தைத்தான். "இந்தப் புள்ளதானே நீ சொன்ன புள்ள?" என்று கேட்டார். மைமூனா, "எந்தப் புள்ள?" என்றாள். அடுத்த கிழமை கண் பார்க்க மகனும் வந்தார். அவருடைய கண்ணில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் மூன்று தரம் வந்து பரிசோதித்தார்.

நிக்காஹ் முடிந்த சில நாட்களில், மருதோன்றிச் சிவப்பு மாறாத கையோடு அம்ஹா பஸார் அறைக்கு வந்தாள். மைமூனா அவளுடைய வாயில் கற்கண்டைப் போட்டாள். கம்பியூட்டரில் அவளுடைய படத்தை அழித்தாள். மேசை லாச்சியில் இருந்த டிஸ்க்கிலும் அழித்தாள்.

"இன்னொண்டு இரிக்கே சாச்சி."

"அது வாற மாசம் மாத்தும்போது தன்னால போயிரும்."

"இல்ல. எல்லா இடத்திலயும் அழிஞ்சாத்தான் அழிஞ்ச. நீங்கதான் சொன்ன, கண்ணுக்கு முன்னால எண்டு."

இருவரும் மில்லுக்குப் போனார்கள். றமீஸ் வெளியே ஸ்கூட்டருக்குக் காவலாக நின்றார். அம்ஹா கொண்டுவந்த மஸ்கட் இனிப்பை அமிர்தலிங்கத்திடம் கொடுத்தாள். அவர் தட்டிலிருந்து பையை எடுத்து, பில் அடிக்கிற கம்பியூட்டரில் கொழுவிக் கொடுத்தார். மைமூனா முன்பாதியை அடித்தாள். அம்ஹா பின்பாதியை அடித்தாள். பெயர்கள் வரிசையாக வந்து நின்றன.

அமிர்தலிங்கம் எழுந்து, திரைக்கு முதுகைக் காட்டி, உமி மூடைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்ஹாவுக்குச் சிரிப்பு வந்தது. "என்னத்துக்கு ஐயா அங்கால திரும்புறீங்க? என்ட முகத்தைத்தான் நேர்ல பாத்துக்கிட்டு இரிக்கீங்களே."

"நேரில பாக்கிறது வேற, புள்ள" என்றார் அவர், திரும்பாமலே. "நீ அழிச்சிட்டுச் சொல்லு. நான் திரும்புறன்."